முதலில் விழுந்ததைச் சொல்

காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஆபரேட்டர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். இடது காதில் மட்டும் இயர்போன். வலது காது அறைக்கு. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் டீ டம்ளரை அவருடைய கீபோர்டை ஒட்டி வைத்துவிட்டு நைசாக நழுவுகிறார்கள் என்பதெல்லாம் வலது காதின் இலாகா. இடது காதில் ஒரு குரல் ஓடும். திரையில் இருக்கும் எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரல் அது. அவர் அதை முடுக்கிவிட்டிருக்கும் வேகத்தில் நாம் கேட்டால், பழைய டேப்பை வேகமாக ஓட்டுகிற சத்தம்தான் கேட்கும். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்.

அவருக்குக் கண் தெரியாது. ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. அதைப் பற்றி யாராவது குரல் தழுதழுக்க விசாரித்தால், "அது போய் நாப்பத்தாறு வருஷம் ஆச்சுங்க, நான் தேடறதையே விட்டுட்டேன்" என்பார். இன்னொரு ரகம் உண்டு. கண் தெரியாதவரிடம் பேச எதற்காகவோ தொண்டை கிழியக் கத்துகிறவர்கள். அவர்களுக்கு மட்டும் அவர் ரொம்ப மெல்லிய குரலில், குனிந்து வந்து கேட்கும்படியாகப் பதில் சொல்வார். பாவம் பார்க்க வேண்டிய ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வேலை ஓர் ஒலி நூலகத்தில். பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. அச்சடித்த புத்தகத்தைப் படிக்க முடியாதவர்கள், பார்வை போனவர்கள், கை நடுங்குகிறவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் என்று மூவாயிரம் பேர் உறுப்பினர்கள். ஒரு நம்பருக்குப் போன் செய்தால் புத்தகம் வாசிக்கப்படும். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்கும். நம்பரை அழுத்தக்கூட முடியாதவர்களுக்கு, அவர்கள் சொன்ன நேரத்துக்கு நூலகமே போன் போட்டு வாசிக்கும்.

இத்தனையையும் செய்வது பதினான்கு கம்ப்யூட்டர் நிரல்கள். திரையில் தலைகாட்டாமல் சர்வரின் பின்னணியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பவை. ஒன்று வருகிற போனை எடுக்கும். ஒன்று புத்தகத்தை ஓட்டும். யார் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று ஒன்று நினைவு வைத்துக்கொள்ளும். அதற்கு ஆபரேட்டர் வைத்த பெயர் பக்கக்காரன். உறுப்பினர்களைத் தேடிப் போன் போடுவது இன்னொன்று. அதன் பெயர் கூப்பிடுகிறவன். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் எது எப்போது மயங்கி விழும் என்று சொல்ல முடியாது. விழுந்ததைக் கவனித்து எழுப்பி நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இவர்.

சர்வர்கள் இருக்கும் அறை ஒரு காலத்தில் குளியலறையாக இருந்தது. சுவரில் டைல்ஸ் அப்படியே இருக்கிறது, மூலையில் அடைத்த குழாய் ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. அவர் உள்ளே போனால் விளக்குப் போடமாட்டார், போடவேண்டிய அவசியமும் இல்லை. பின்னாலேயே வருகிறவர்கள்தான் குழாயில் முட்டிக்கொண்டு முனகுவார்கள். "பாத்து வாங்க" என்பார் ஆபரேட்டர், முகத்தை வெகு அக்கறையாக வைத்துக்கொண்டு.

ஆபரேட்டர் என்ற பெயர் பழைய வேலையில் ஒட்டிக்கொண்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினாறு வருடம் இருந்தார். முந்நூற்றுச் சொச்சம் எக்ஸ்டென்ஷன் நம்பர்களும் மனப்பாடம். ஊர்ப்பட்ட டாக்டர்களின் குரலும் கோபமும் அத்துப்படி. பக்கத்துத் தெரு மருந்துக்கடையிலிருந்து தினமும் போன் செய்து, டாக்டர் கிறுக்கிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சந்தேகம் கேட்கும் ஒரு பெண்ணின் குரல் ஒரு வருடத்தில் அவருக்கு எல்லாக் குரலிலிருந்தும் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. அந்தப் பெண்தான் மனைவி. பிறகு, தானாகவே இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் வந்தது, எக்ஸ்சேஞ்சை மூடினார்கள். ஒலி நூலகத்தின் வரவேற்பு மேசையில் போன் எடுக்க ஆள் தேவைப்பட்டது. வந்து சேர்ந்தார்.

நூலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, அந்த நாற்காலியை இவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்பதற்கு முன்னால் படித்திருந்தார். படித்தார் என்றால், மனைவி படித்தார். வீட்டில் அப்போது பேசுகிற கம்ப்யூட்டர் கிடையாது. சர்வர் கட்டளைகளின் கையேட்டை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுக்க வந்தவர், ஒரு மண்ணும் புரியாமல், ஒரு வரி விடாமல் வாசிப்பார். "மைனஸ் எஃப், இடம், சாய்வுக்கோடு, வி, ஏ, ஆர்... இதை எந்தப் புண்ணியவான் எழுதினான், ஒரு முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதா அவனுக்கு?" என்று நடுநடுவே திட்டுவார். ஒன்பது மாதம் அப்படிப் போனது. அந்த ஒன்பது மாதத்தை நினைத்தால் ஆபரேட்டருக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். மனைவியிடம் அதைச் சொன்னதில்லை என்று நினைக்க வேண்டாம், அடிக்கடி சொல்வார். மனைவிதான், "போதும், போய்க் கை கழுவிட்டு வாங்க" என்பார்.

அந்தப் படிப்பில் அவர் எழுதியதுதான் நூலகத்தின் காவல் நிரல். அதன் வேலை எளிது. ஒவ்வொரு நிரலும் ஓடத் தொடங்கும்போது இயந்திரம் அதற்கு ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணை ஒரு கோப்பில் குறித்துவைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, "இந்த எண்காரன் இருக்கிறானா?" என்று கேட்கும். பதில் இல்லாவிட்டால் எழுப்பிவிடும். வகுப்பில் வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரிதான். ஏழு வருடம் பிசகாமல் எடுத்தது. அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை, நிறையவே உண்டு.

குட்டு வெளிப்பட்டது போன மாதம். பக்கக்காரன் செத்துப்போனான். அவனுடைய எண் காலியானது. இயந்திரம் சுற்றிச் சுற்றி எண்களைப் பங்கிட்டுக்கொண்டே வந்ததில், அதே எண் வேறு ஏதோ ஒரு சில்லறை நிரலுக்குப் போய்விட்டது. காவல் நிரல் வழக்கம்போல் குரல் கொடுத்தது. எண்ணுக்குப் புதிதாக வந்தவன் "உள்ளேன் ஐயா" என்றான். கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு நாள் யாரும் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்பது எங்குமே பதிவாகவில்லை. மூன்றாம் நாள் மூவாயிரம் பேரும் பழைய பக்கத்துக்கே போய் விழுந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் போனில் கொதித்தார்: "கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்ச அத்தியாயத்தை முடிச்சாச்சு சார். மறுபடியும் எல்லாரையும் சந்தேகப்படச் சொல்றீங்களா?"

நூலகத்தின் இயக்குநர் நல்ல பெண்மணி. அதிர்ந்து பேசமாட்டார். "உங்களை நான் நம்பறேன். ஆனா நீங்க கையால எழுதின ஒண்ணை மட்டும் நம்பி இருக்க முடியாது. உலகத்துல இதுக்குன்னே கருவி இருக்கும்ல. ஒண்ணைத் தேர்ந்தெடுங்க" என்றார். நியாயமான பேச்சு. ஆபரேட்டரும் மறுக்கவில்லை.

ஆனால் கருவி விற்கிற ஒரு நிறுவனத்தின் ஆள் அதற்குள் மூக்கை நுழைத்துவிட்டார். சுவரில் பலகை மாதிரி ஒரு பெரிய திரையை மாட்டிக் காட்டினார். பதினான்கு வட்டங்கள். ஓடுகிற நிரல் பச்சை, விழுந்தது சிவப்பு. இயக்குநருக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது. வருகிற விருந்தாளிகளுக்குக் காட்டவும் லட்சணமாக இருக்கும். ஆபரேட்டர் அதே பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் திறந்தார். இடது காதில் குரல் சொன்னது: "படம். படம். படம்." பதினான்கு தடவை. எது பச்சை, எது சிவப்பு என்று அதற்கும் தெரியவில்லை. அந்த ஆளிடம் சொன்னதற்கு, "சார் சிரமப்படவே வேண்டாம், எங்க ஆளே வந்து பாத்துக்குவார்" என்று ஊருக்கே கேட்கும்படி பதில் வந்தது.

அன்று மாலை இயக்குநர் அவரைத் தனியாக அழைத்து, "எது முடிவானாலும் வரவேற்பு மேசைப் போன் உங்களுக்குத்தான், அதுல மாற்றமே இல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆபரேட்டருக்கு அதன் அர்த்தம் புரிந்துவிட்டது. பலகை வந்தால் நாற்காலி போய்விடும் என்பதைத்தான் அந்த அம்மாள் அவ்வளவு பதமாகச் சொல்லியிருக்கிறார்.

எந்தக் கருவி என்று எழுத்துமூலம் பரிந்துரைக்கும் பொறுப்பு இன்ஜினியருக்கு. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். இன்ஜினியர் நூலகத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நாற்பது வயதுப் பெண். இரட்டைக் குழந்தைகளை வளர்க்க ஆறு வருடம் வேலையை விட்டிருந்துவிட்டுத் திரும்பியவர். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். அவர் எந்தப் பக்கம் என்று ஆபரேட்டருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவரே வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு எது வேணும் சார்?"

"ரன்னிட்" என்றார் ஆபரேட்டர், யோசிக்காமல். "சின்னக் கருவி. ஒரு நிரலுக்கு ஒரு ஃபோல்டர், அதுல எப்படி ஓடணும்னு ஒரு கோப்பு. அவ்வளவுதான். தாய் மாதிரி பக்கத்துலயே நின்னு பாத்துக்கும். எண்ணைக் கோப்புல எழுதி ஏமாறுற வேலை கிடையாது. நிலவரம் கேட்டா நிரலுக்கு ஒரு வரி. ஓடுது, பேரு, எண், எத்தனை நொடியா ஓடுது. நமக்குக் கேக்க சுகம்."

"சிஸ்டம்டியும் இதே காவல் வேலையைத்தானே பண்ணுது, ஏற்கெனவே சர்வர்லயே இருக்கே. அதை ஏன் விட்டீங்க?"

"அது நிலவரம்னு கேட்டா நிரல் ஒண்ணுக்குப் பத்து வரி பேசும் மேடம். பதினாலுக்கும் கேட்டு முடிக்கறதுக்குள்ள எனக்குத் தாடி வளந்துடும்."

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் சோதனை ஓட்டம் விடலாம். உங்க ரன்னிட்டையே வெச்சு" என்றார். ஆபரேட்டருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உட்கார்ந்து பதினான்கு ஃபோல்டர்களையும் தயார் செய்தார். இன்ஜினியர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். பழைய காலத்து நிரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தொடங்கிய கையோடு தன்னைப் போலவே ஒரு பிரதியை உண்டாக்கிப் பின்பக்கமாக அனுப்பிவிட்டு, முன்னால் நின்ற முதல் ஆள் விலகிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிற காவலுக்கு என்ன தெரியும்? ஆள் போய்விட்டான் என்று பதறி இன்னொருவனைத் தொடங்கும். அவனும் அதையே செய்வான். அதனால் இந்த மாதிரிக் கருவிகளிடம் ஒப்படைக்கும்போது ஒவ்வொரு நிரலிடமும், "பின்னால போகாதே, முன்னாலயே நில்லு" என்று ஒரு சொல் சேர்த்து எழுதிவைக்கவேண்டும். ஆபரேட்டருக்கு இது தெரியாததல்ல. பதின்மூன்று நிரல்களுக்கு எழுதினார். கூப்பிடுகிறவனுக்கு எழுத விட்டுப்போனது.

செவ்வாய்க்கிழமை சோதனை. மாலை நாலு மணிக்குக் கூப்பிடுகிறவன் இருபத்து மூன்று உறுப்பினர்களுக்குப் போன் போடவேண்டும். நாலுக்கு ஐந்தரை நிமிடம் இருக்கும்போது அவனை ரன்னிட்டிடம் ஒப்படைத்தார். உறுப்பினர் பட்டியலை ஏற்றிக்கொள்ள அவனுக்கு அரை நிமிடம் பிடிக்கும். பட்டியலை ஏற்றிய முதல் ஆள் பின்பக்கமாகப் போனான். காவல் இரண்டாவது ஆளைத் தொடங்கியது. அவனும் போனான். நாலு மணி அடிக்கும்போது பின்னால் பதினொரு கூப்பிடுகிறவர்கள், ஆளுக்கொரு பட்டியலோடு வரிசை கட்டி நின்றார்கள்.

இருபத்து மூன்று வீடுகளிலும் போன் அடித்தது. எடுத்துக் கேட்டு வைத்தால் மறுபடி அடித்தது. வைத்தால் மறுபடி. பதினொரு தடவை. அரை மணி நேரம் கழித்து ஒரு வீட்டிலிருந்து நூலகத்துக்குப் போன் செய்து, "எங்கப்பா போனைத் தண்ணித் தொட்டியில போட்டுட்டார், நீங்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார்கள்.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு இன்ஜினியர் வந்து உட்கார்ந்தார். "நிலவரம் கேட்டீங்களா சார், நாலு மணிக்கு முன்னாடி?"

"நாலு தடவை கேட்டேன் மேடம். ஓடுதுன்னுதான் சொல்லிச்சு."

"எப்படிக் கேட்டீங்கன்னு எனக்கு ஒரு தடவை செஞ்சு காமிங்க. ஸ்பீக்கர்ல."

செய்து காட்டினார். குரல் பாய்ந்தது. இன்ஜினியருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொன்னார். பாதியாகக் குறைத்தார், அதிலும் பாதி. அப்போதுதான் இருவருக்கும் சேர்ந்தே விளங்கியது. ஒவ்வொரு வரியிலும் "ஓடுது" என்ற முதல் சொல் வந்ததும் ஆபரேட்டரின் விரல் ஒரு விசையைத் தட்டி, மீதியை வெட்டிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் ஊறிய பழக்கம். வெட்டிய மீதியில்தான் நொடிக் கணக்கு இருந்தது. ஆறு நொடி. பத்தொன்பது நொடி. இரண்டு நொடி. ஐந்து நிமிடமாக ஓடவேண்டியவன் ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் பிறந்தவனாக இருந்திருக்கிறான். கருவி நாலு தடவையும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. இவர்தான் கேட்கப் பொறுமையில்லாமல் வாயை அடைத்திருக்கிறார்.

ஆபரேட்டருக்கு முகம் கொடுக்க முடியவில்லை. காது ஒன்றை நம்பி இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்த மனிதர். "எழுதிடுங்க மேடம். இருக்கறதை இருக்கறபடி எழுதுங்க" என்றார். இன்ஜினியர் எழுந்தார். செருப்புச் சத்தம் நகர்ந்து போனது.

வீட்டில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"வரவேற்பு மேசைக்கே போகச் சொன்னா போறேன். போன் எடுக்கறது நமக்குப் புதுசா என்ன."

"போன் வேலையைக் கேவலமாச் சொல்லாதீங்க. அதுலதான் என்னைப் பிடிச்சீங்க" என்றார் மனைவி. தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "ஆனா அந்த ஒன்பது மாசம் நான் தொண்டை வறள வாசிச்சேனே, அது எனக்கு இன்னும் பாதி மனப்பாடமா இருக்கு. மருந்து எடுத்துக் கொடுக்கும்போது வாய்ல மைனஸ் எஃப்னு வருது. அதுக்காகவாவது, போ-ன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்களா எழுந்து போயிடாதீங்க."

அடுத்த இரண்டு நாளும் இன்ஜினியர் அவரிடம் வேலை தவிர வேறு பேசவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை வந்து, "முதல் சொல்லோட வெட்டறீங்களே, அது எல்லா வரிக்குமா, தெரிஞ்ச வரிக்கு மட்டுமா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும்தான் என்று ஒப்புக்கொண்டார். கேஸுக்குச் சாட்சி சேர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சுருங்கிப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இயக்குநரின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். இயக்குநர் செவ்வாய்க்கிழமை விவகாரத்திலிருந்து ஆரம்பித்தார். ஆபரேட்டர் சுற்றி வளைக்கவில்லை. "என் தப்பு. கருவி மேல தப்பு இல்ல. ஒரு சொல் எழுத மறந்தேன். மறந்ததைக் கருவி சொன்னப்போ முழுசாக் கேக்கல."

"அந்த ஃபோல்டரை நானும் பாத்துச் சரின்னு சொன்னேன்" என்றார் இன்ஜினியர். "பாதி தப்பு என்னோடது. அதையும் எழுதியிருக்கேன்."

ஆபரேட்டர் திரும்பினார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

இயக்குநர் அறிக்கையைப் புரட்டினார். முதல் வரியை நிதானமாக வாய்விட்டு வாசித்தார்: "இந்தச் சேவைகளைக் காப்பவர், கண்ணால் பார்க்காமலே அவற்றின் நிலையை அறிய முடியவேண்டும். அதற்கு இடம்தராத எந்தக் கருவியையும் பரிசீலிக்கவில்லை." வாசித்துவிட்டு அறிக்கையை மேசையில் வைத்தார். "அப்போ பலகை?"

"வரவேற்பறையில மாட்டிக்கலாம் மேடம், அழகா இருக்கும். ஆனா ஒண்ணு விழுந்தா எழுந்து ஓடப்போறது இவர். முதல்ல இவருக்குத் தெரியணும்."

"இவர் கேட்ட கருவியா?"

"இல்ல" என்றார் இன்ஜினியர், தயவு தாட்சண்யம் இல்லாமல். "சிஸ்டம்டி. ஒரு நிரல் கிளை பிரிஞ்சு எத்தனை பிரதி எடுத்தாலும் எல்லாத்தையும் ஒரே குடும்பமாக் கணக்கு வெச்சிருக்கும். செவ்வாய்க்கிழமை நடந்தது அதுல நடக்காது. ஆபரேட்டர் சார் சொன்ன குறையும் நெசம்தான், அது நிறையப் பேசும். அதனால ஒண்ணு எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

மடிக்கணினியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைத் திறந்தார். சோதனைச் சர்வரில் ஒரு நிரலை வேண்டுமென்றே கவிழ்த்து, இன்னொன்றைக் கவிழ்த்து அப்போதுதான் எழுப்பிவிட்டிருந்தார். ஒரு கட்டளை. குரல் சொன்னது: "விழுந்தது, பக்கக்காரன். இப்போதுதான் எழுந்தது, கூப்பிடுகிறவன், ஆறு நொடி. மற்ற பன்னிரண்டும் சரி." அவ்வளவுதான், மூன்று வரி.

"விழுந்தது முதல்ல வரும்" என்றார் இன்ஜினியர். "ஒரு நிமிஷத்துக்குள்ள எழுந்தது அடுத்து. சரியா இருக்கறதைத் தனித்தனியாச் சொல்லாது. நீங்க முதல் சொல்லோட வெட்டிக்கலாம் சார். வெட்டினாலும் எதுவும் தப்பிப் போகாது."

தன் ரன்னிட் தோற்றது ஆபரேட்டருக்கு ஒரு பக்கம் உறுத்தத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் இன்னொரு பக்கம் ஏதோ இளகிக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு நல்லது செய்ய வந்தவர்கள் அநேகம். எப்படி நடக்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அன்பாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும். அவர் எப்படிக் கேட்கிறார் என்று கூடவே உட்கார்ந்து கவனித்து, அவருடைய கெட்ட பழக்கத்தைக்கூடத் திருத்தாமல், கருவியை அதற்கு ஏற்ப வளைத்துக் கொண்டுவந்தவர் இவர் ஒருவர்தான்.

"இதையே வெச்சுக்கலாம்" என்றார் இயக்குநர். "பொறுப்பு இவர்கிட்டயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் ஆபரேட்டர் சொன்னார், "மேடம், தேங்க்ஸ்னு சொன்னா ரொம்பச் சின்னதா இருக்கு."

"அப்போ சொல்லாதீங்க. நான் எழுதின ஸ்க்ரிப்ட்ல ஒரு பிழை இருக்கு, அதைப் பாருங்க" என்றார் இன்ஜினியர். இந்தத் தடவை குரலில் சிரிப்பு இருந்தது.

இயக்குநர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அலைக்கழிந்த இருபத்து மூன்று பேரிடமும் ஆபரேட்டரே போனில் மன்னிப்புக் கேட்கவேண்டும். மதியம் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டார். சிலர் சிரித்தார்கள். தண்ணித் தொட்டி வீட்டில் புதுப் போன் வாங்கிவிட்டார்களாம். பத்தொன்பதாவது நம்பரில் எடுத்தது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். பக்கவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையில். போனை எடுக்கத் தலைமாட்டில் பெரிய பட்டன் ஒன்று வைத்திருக்கிறார்களாம், அதை முழங்கையால் அழுத்துவாராம். தன் குரல் குழறும், பொறுத்துக் கேட்கவேண்டும் என்று அவரே முதலில் சொன்னார். ஆபரேட்டர் ஒரு சொல்லையும் வெட்டாமல் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்குப் பதினோரு தடவை போன் வந்துடுச்சும்மா. என்னோட தப்பு. ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டோம், மன்னிச்சுக்கணும்."

"பதினோரு தடவைதான். எண்ணினேன்" என்றார் டீச்சர். "பதினோரு தடவையும் எடுத்தேன்."

"கஷ்டப்பட்டிருப்பீங்க."

"முழங்கை வலிச்சுது. அது கெடக்குது விடுங்க." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நாலு வருஷமா இந்தப் போன் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அடிக்குது தம்பி. நாலு மணிக்கு, நீங்க போடறதுதான். வேற யாரும் கூப்பிடறது இல்ல. அன்னிக்குத்தான் வெச்சதும் திரும்பவும் அடிச்சுது. யாரோ நம்மளை விடாமத் தேடறாங்கன்னு சந்தோஷமா இருந்துச்சு."

ஆபரேட்டர் ரிசீவரைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே ஒரு தடவைதாம்மா வரும்" என்றார். "ஆனா ஒரு நாளும் தவறாம வரும். அதுக்கு நான் இங்கயே இருக்கேன்."

"சரி தம்பி" என்றார் டீச்சர். "நானும் எடுப்பேன்."